மாடம்பாக்கம் குட்டையில் முண்டக்கண்ணி தேடிய ஞாயிறு

இந்தப் பயணத்தின் மொத்த தூரம், அஸ்தினாபுரத்தில் என் வீட்டு வாசலில் தொடங்கித் திரும்பி வந்து சேரும்வரை, நாற்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் என்னுடைய பழைய மணாலிப் பதிவைப் படித்துக்கொள்ளுங்கள். அங்கே பனி இருக்கிறது, குதிரை இருக்கிறது, எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். இங்கே அதெல்லாம் கிடையாது. வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போனது புரட்டாசி முதல் ஞாயிறு. கூட வந்தது செல்வி. தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது மீன் தொட்டிதான். நம்மூர் ஆறு, குளங்களில் இருக்கும் சின்ன மீன்களை வளர்ப்பவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். யாராவது ஒரு படத்தைப் போட்டு "இது என்ன மீன்?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போடுவோம். செல்வி மட்டும் சண்டை போடமாட்டாள். "எந்த ஊர்த் தண்ணி? பக்கவாட்டுப் படம் இருக்கா? ஆணா, பெண்ணா?" என்று கேட்பாள். பதில் வரவில்லையென்றால் "சொல்ல முடியாது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள்.

நாங்கள் தேடிப் போனது முண்டக்கண்ணி. விரல் நீளம்கூட இருக்காது. கண் மட்டும் பெரிது, வாய் மேல்நோக்கி இருக்கும், எப்போதும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும். கரையில் நின்று குனிந்து பார்த்தால் தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். கொசுப்புழுவை வெளுத்துக் கட்டும். தென்னிந்தியாவில் இதில் சில வகைகள் உண்டு, எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உடம்பில் புள்ளிகள் ஓடும் வரிசை, ஆண்மீனின் வால் ஓரத்திலும் அடித்துடுப்பு ஓரத்திலும் இருக்கும் நிறம், துடுப்பு முட்களின் எண்ணிக்கை, இவற்றை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மாடம்பாக்கம் பக்கம் ஒரு குடியிருப்பு நகரின் பின்னால் இருக்கும் குட்டையில் செல்வி இரண்டு வருடங்களுக்கு முன்னால் முண்டக்கண்ணிகளைப் பார்த்தாள். அவற்றின் புள்ளி வரிசை அவளுக்குத் தெரிந்த எந்த வகையோடும் பொருந்தவில்லை. தெரிந்த வகையே கொஞ்சம் மாறியிருக்கிறதா, இல்லை இதுவரை யாருமே பெயர் வைக்காத மீனா? இந்தக் கேள்வி அவளை விடவில்லை. பதில் சொல்ல, அதே தண்ணீரில் வளர்ந்த நாலைந்து ஆண், நாலைந்து பெண்ணாவது கையில் வேண்டும். அளக்க வேண்டும், முட்களை எண்ண வேண்டும். வெறும் போட்டோவை வைத்து ஆதார் அட்டைகூடக் கொடுக்கமாட்டார்கள், கைரேகை கேட்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

சித்திரையில் நாங்கள் போனபோது குட்டை வற்றி, முழங்கால் அளவுத் தண்ணீரில் மீன்கள் ஒண்டிக் கிடந்தன. "இப்ப எடுத்தா பாவம்க்கா. மழை பெஞ்சு பெருகட்டும்" என்றாள் செல்வி. ஒன்றைக்கூடத் தொடாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டோம். அன்று மாலையே அந்த நகர் சங்கத்தின் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். குட்டையை மூடிப் பார்க்கிங் ஆக்கலாமா என்று ஒரு கோஷ்டி அப்போது கிளம்பியிருந்தது. செல்வி எழுந்து, இந்தக் குட்டையில் இருக்கும் மீன் கொசுவைத் தின்கிறது, எண்ணெய் ஊற்றாதீர்கள், மூடாதீர்கள் என்று பத்து நிமிடம் பேசினாள். கைதட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள். இரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

இனி அந்த ஞாயிறு. காலை ஏழு மணிக்கு அஸ்தினாபுரத்தில் கிளம்பித் தாம்பரம் போனோம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மீன் கடை சீக்கிரமே திறந்துவிடும். வண்ணமீன் கடை, குழம்பு மீன் அல்ல. பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு, சின்ன வலை ஒன்று என்று நூற்று அறுபது ரூபாய் ஆனது. கடைக்காரர் முன்னால் ஒரு தொட்டியில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் போட்ட மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மேலே "சிங்கப்பூர் ஸ்பெஷல்" என்று ஸ்டிக்கர்.

"அண்ணா, இது கேரளா ஆத்து மீன். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கறது" என்றாள் செல்வி. அவளால் சும்மா இருக்க முடியாது.

"தெரியும் மேடம். ஆனா கேரளான்னு எய்தி வெச்சா எவனும் வாங்கமாட்றான். சிங்கப்பூர்னு போட்டேன், ஒரே வாரத்துல பாதி தொட்டி காலி."

உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பது மீனுக்கும் பொருந்தும்போலும். கடையில் கப்பி மீன் தொட்டிகள் நாலைந்து வெறுமையாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். "ஆடி மாசம் ஒரு அசோசியேஷன்காரங்க வந்து லாட்டா தூக்கிகினு பூட்டாங்க மேடம், இன்னும் சரக்கு சேரல" என்றார். எந்த அசோசியேஷன் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, செல்விக்கும் தோன்றவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஆட்டோ பிடித்தோம். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மாடம்பாக்கம், ஆறேழு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ மலிவுதான், ஆனால் வலை, வெள்ளைத் தட்டு, கண்ணாடிப் பெட்டி, வாளி எல்லாம் வைத்துக்கொண்டு அதில் ஏறினால் மற்றவர்கள் நம்மைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். அரை நாள் கூடவே இருக்க எண்ணூறு ரூபாய் என்று பேசினோம். டிரைவர் பெயர் குமார். வலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னா மேடம், புரட்டாசில மீனா?"

"சாப்பிட இல்லண்ணா. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா? அதுக்கு வண்டலூர் ஜூவுக்கே இட்டுகினு போறேனே. புலி கீது, யானை கீது. இத்துனூண்டு மீனைப் பாக்க எண்ணூறு ரூபாயா?"

சிரித்துவிட்டோம். அன்று நாங்கள் சிரித்தது அதோடு சரி.

மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு டீக்கடையில் இட்லி நன்றாக இருக்கும், இரண்டு பேருக்கு எண்பது ரூபாய். கோயிலையும் பாருங்கள், சோழர் காலத்துக் கற்கோயில், காலையில் கூட்டம் இருக்காது. நாங்கள் வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு நேராகக் குட்டைக்குப் போனோம்.

ஆட்டோ நின்றதும் எனக்கு இடமே தெரியவில்லை. சித்திரையில் முள்ளும் குப்பையுமாக இருந்த கரையைச் சுற்றி இரும்பு வேலி, நடப்பதற்கு ஓடு பதித்த பாதை, நாலு சிமெண்டு பெஞ்சு. ஒரு பிளாஸ்டிக் பைகூடக் கரையில் இல்லை. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மூடல! காப்பாத்திட்டாங்கக்கா!" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குமே நெஞ்சு நிறைந்துதான் போனது, பொய் சொல்லமாட்டேன்.

சங்கத் தலைவர் வரதராஜன் சார் டி-ஷர்ட்டும் வேட்டியுமாக நடைப்பயிற்சியில் இருந்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது இருக்கும். செல்வியைப் பார்த்ததும் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"வாங்கம்மா, வாங்க! உங்களுக்குத்தான் போன் பண்ணணும்னு இருந்தேன். பாத்தீங்களா? அந்தப் பார்க்கிங் கோஷ்டியை ஒரு வழி பண்ணிட்டோம். ஒரு வருஷ மெயின்டனன்ஸ் பணத்தை எல்லாரும் மொத்தமா குடுத்தாங்க. நான் படி ஏறி எறங்காத ஆபீஸ் இல்ல."

"ரொம்பப் பெரிய வேலை சார்" என்றாள் செல்வி. மனதாரத்தான் சொன்னாள்.

"அது மட்டுமில்ல. நீங்க அன்னைக்குப் பேசினீங்கள்ல, மீனுதான் கொசுவைத் திங்குதுன்னு? அதுக்கப்புறம்தான் எங்களுக்குப் புத்தியே வந்துது. எண்ணெய் ஊத்துறதை நிறுத்திட்டோம். ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஒரு ஃபங்ஷன் வெச்சோம். வீட்டுக்கு ஒரு பை மீன். பொம்பளைங்க எல்லாம் கரையில விளக்கேத்தி, மஞ்சள் குங்குமம் போட்டு, குழந்தைங்க கையால தண்ணில விட்டோம். கப்பி கடைல வாங்கினோம். கம்பூசியா ஒரு பண்ணைலேர்ந்து வரவழைச்சோம், அது கொசுவுக்குன்னே உள்ள மீனாமே? இப்ப வந்து பாருங்க, என்னமா பெருகிக் கெடக்கு!"

செல்வி என் கையை விட்டுவிட்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பியும் கம்பூசியாவும் நம்மூர் மீன்கள் இல்லை, கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவை. முட்டை போடாமல் குட்டியாகவே போடும். மாதத்துக்கு ஒரு முறை போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கம்பூசியா இருக்கிறதே, படு முரட்டுப் பிறவி. மற்ற மீனின் முட்டையை, குஞ்சைத் தின்னும். பெரிய மீனாக இருந்தால் துடுப்பைக் கடித்துக் கடித்தே ஒழிக்கும். இலையடியில் முட்டையை ஒட்டிவிட்டுச் சாதுவாகத் திரியும் முண்டக்கண்ணி அதன் முன்னால் எத்தனை நாள் தாங்கும்?

செல்வி வலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒவ்வொரு முறை அள்ளியதையும் வெள்ளைத் தட்டில் கொட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். வால் விசிறியாக, மஞ்சளும் நீலமுமாகக் கப்பிகள். சாம்பல் நிறத்தில் வயிறு உப்பிய கம்பூசியாக்கள். மறுபடி கப்பி. மறுபடி கம்பூசியா. வரதராஜன் சார் பக்கத்தில் நின்று, "எத்தனை இருக்கு பாருங்க!" என்று பூரித்துக்கொண்டிருந்தார். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் பொரி தூவ, தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வந்தன. ஒன்றின் தலையிலும் வெள்ளிப் பொட்டு இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே பிள்ளையார் ஏற்கெனவே இருந்தார் சாமி! இருந்த பிள்ளையாரின் மேல் குரங்கைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள், அதுவும் மஞ்சள் குங்குமம் போட்டு. "சார், நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா" என்று ஆரம்பித்தேன். செல்வி தண்ணீரிலிருந்து திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "...எவ்ளோ பெரிய காரியம்" என்று முடித்துக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

தண்ணீர் உள்ளே வரும் மூலையில் கொஞ்சம் கோரை மிச்சமிருந்தது. அழகுக்காக அதையும் அடுத்த வாரம் வெட்டப் போகிறார்களாம். அங்கேதான் ஒன்று கிடைத்தது. ஒரே ஒன்று. தட்டில் விட்டதும் மேல்மட்டத்திலேயே அசையாமல் நின்றது, தலையில் பொட்டு மின்னியது. கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் பக்கவாட்டில் பார்த்தோம். வளர்ந்த ஆண். ஆனால் வாலும் அடித்துடுப்பும் பாதிக்குமேல் இல்லை, கடித்துக் குதறியிருந்தன. எந்த ஓரத்து நிறத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டுமோ, அந்த ஓரமே இல்லை.

"இந்த ஒண்ணு போதுமாம்மா?" என்றார் வரதராஜன் சார். "நம்ம மீனும் ரெண்டு பை எடுத்துட்டுப் போங்களேன். நல்ல கலர்."

வேண்டாம் என்றோம். கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். கரையில் ஒரு பெரிய போர்டு வைக்கப் போகிறார்களாம், குட்டையில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று அறிவியல் பெயரோடு. "உங்களைவிட்டா யார் இருக்கா? நீங்கதான் எழுதிக் குடுக்கணும்." செல்வி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். கப்பி, கம்பூசியா, எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஜிலேபிக் கெண்டை. ஒவ்வொன்றுக்கும் எதிரே சொந்த ஊர் எந்தக் கண்டம் என்றும் எழுதினாள். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆட்டோவில் ஏறியதும், ஏன் அவரிடம் சொல்லவிடவில்லை என்று செல்வியைப் பிடித்துக்கொண்டேன். பையில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டு வந்தவள், "அவர் கெட்டவரா இருந்திருந்தா நானே நறுக்குன்னு கேட்டிருப்பேன்க்கா. கார் நிக்க வேண்டிய எடத்துல குளம் இருக்கு. அது அவரால இருக்கு. அவர்கிட்ட போய் என்னன்னு சொல்ல?" என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. எனக்கு இன்றைக்கும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

ஒரு பெண்மீன் கிடைத்தால்கூடக் குஞ்சு பொரிக்க வைக்கலாம், குஞ்சுகள் முழுத் துடுப்போடு வளரும், எண்ணிவிடலாம் என்பது செல்வியின் கணக்கு. இந்தக் குட்டையின் உபரித் தண்ணீர் ஓடும் வழியில் தேடினோம். அது சாலையோரச் சிமெண்டு வடிகாலில் போய் முடிந்தது, உள்ளே இருந்ததைப் பற்றி எழுதவேண்டாம். அங்கிருந்து அகரம்தென் வழியாக வண்டலூர் பக்கம், செல்வி முன்பு முண்டக்கண்ணி பார்த்த இரண்டு பள்ளங்கள். ஒன்றில் மனைப் பிரிவுக் கல் நட்டிருந்தார்கள். இன்னொன்றில் தண்ணீர் இருந்தது, மீனும் இருந்தது. ஆனால் அவை சாதாரண வகை, புள்ளி வரிசை வேறு. செல்வி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டாள்.

"இன்னா மேடம், இதுவும் மீன்தான? தலைல பொட்டு கூட கீது. ஜோடி சேத்து வுட்டா ஆவாதா?" என்றார் குமார். அதற்குள் அவரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்.

"சேந்துடலாம்ண்ணா. ஆனா அப்புறம் பொறக்கற குஞ்சு எந்தக் குளத்து மீனும் இல்ல."

"வரன் தேட்றா மாரியே கீது" என்றார் குமார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தாம்பரத்தில் எங்களை இறக்கிவிட்டபோது பேசியதற்கு மேல் கேட்கவில்லை. நாங்களாகத்தான் நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம்.

அந்த மீன் செல்வி வீட்டு பால்கனித் தொட்டியில் ஐப்பசி வரை இருந்தது. துடுப்பு திரும்ப வளரத் தொடங்கியது, ஆனால் கோணல்மாணலாக, நிறமில்லாமல். ஒரு மழை நாளில் செத்துப்போனது. இப்போது ஒரு சின்னப் பாட்டிலில் ஸ்பிரிட்டில் மிதக்கிறது. பாட்டிலில் ஒட்டிய சீட்டில் ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் இருக்கிறது. மீனின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பெரும் பிரிவை மட்டும் எழுதிவிட்டு, இனம் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். இனிமேல் அது மாறாது.

இந்தப் பக்கம் மீன் பார்க்கப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நின்றபின் போங்கள், கரையில் வழுக்கும், நல்ல செருப்பு அவசியம். வெள்ளைத் தட்டு ஒன்று போதும், மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்தில் விடாதீர்கள். கடையில் வாங்கிய மீனை எந்தத் தண்ணீரிலும் விடாதீர்கள். வாஸ்துவுக்கு வாங்கி வளர்ந்துவிட்டதா, வீடு மாறுகிறீர்களா, பிள்ளைக்குச் சலித்துவிட்டதா, கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பாதி விலை இல்லாவிட்டாலும் சும்மாவாவது வாங்கிக்கொள்வார்கள். புண்ணியம் தேட வேண்டுமென்றால் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுங்கள் ஐயா, குளத்தை விட்டுவிடுங்கள். கொசு இருக்கும் குளத்தில் முதலில் ஒரு நாள் குனிந்து பாருங்கள். அங்கே அதைத் தின்ன ஏற்கெனவே யாராவது இருக்கலாம்.

போன வாரம் நான் செல்வி வீட்டில் இருந்தபோது வரதராஜன் சாரிடமிருந்து போன் வந்தது. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். போர்டு தயாராகிவிட்டதாம், பெயிண்டர் எதிரிலேயே நிற்கிறாராம், கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறதாம்.

"அன்னிக்கு நீங்க ஒண்ணு புடிச்சுட்டுப் போனீங்களே, பொட்டு வெச்ச மீன், அதையும் போட்டுடலாமாம்மா? நீங்க மொத மொத பேசினதே அதைப் பத்தித்தானே."

"வேணாம் சார். அது எந்த வகைன்னு எனக்கே முடிவாத் தெரியல." கையைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும் இல்லாம, இப்ப அந்த மீன் அங்க இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

மறுமுனையில் அவர் பெயிண்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அடடா," என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அதுக்கு ஏம்மா கவலைப்படுறீங்க? எந்தக் கடைல கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, ரெண்டு பை வாங்கி விட்டுடறோம்."